ஆர்கெஸ்ட்ராவை விட்டு வெளியே வந்தவர்: லூயி ஆந்திரீசன் – ஒரு நிகழ்வு ஆய்வு

மேற்கத்திய செவ்வியல் இசையில் பெயர் வாங்க நினைப்பவருக்குச் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராதான் பெரிய வாசல். எண்பது, தொண்ணூறு பேர், மாதச் சம்பளம் வாங்கும் தேர்ந்த கலைஞர்கள், நல்ல அரங்கம், வருடச் சந்தா கட்டி வந்து உட்காரும் ரசிகர்கள் என எல்லாம் தயாராக இருக்கும். இசையமைப்பாளர் எழுதிக் கொடுத்தால் போதும். நெதர்லாந்தின் லூயி ஆந்திரீசன் (1939–2021) அந்த வாசலுக்குள் பிறந்தவர் என்றே சொல்லலாம். முப்பது வயதைத் தாண்டியதும் இது எனக்கு வேண்டாம் என்று வெளியே வந்தார். தனக்கு வேண்டிய குழுக்களைத் தானே கட்டினார். அந்தக் குழுக்களுக்காக எழுதியே, ஆர்கெஸ்ட்ராக்கள் தேடி வரும் அளவுக்குப் பெரிய ஆளானார்.

இவரைப் பற்றி எழுதுபவர்கள் பொதுவாக ஸ்ட்ராவின்ஸ்கியின் தாக்கம், அமெரிக்க மினிமலிசம், ஜாஸ் என்று ஒலியிலிருந்துதான் தொடங்குவார்கள். எனக்கு இவருடைய வாழ்க்கையில் முக்கியமாகப் படுவது வேறு. யார் வாசிக்கிறார்கள், எத்தனை பேர், அவர்களில் முடிவெடுப்பது யார் என்பதை மாற்றாமல் இசையின் ஒலியை மாற்ற முடியாது என்று இவர் நம்பினார். நம்பியதோடு நிற்காமல் நாற்பது ஆண்டுகள் அதைச் செய்து பார்த்தார். அந்தச் சோதனை எங்கே பலித்தது, எங்கே பலிக்கவில்லை என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

உட்ரெக்ட் வீடு

1939 ஜூன் 6 அன்று உட்ரெக்ட் நகரில் பிறந்தார். அப்பா ஹெண்ட்ரிக் ஆந்திரீசன் இசையமைப்பாளர், அந்த ஊரின் கத்தோலிக்கப் பேராலயத்தில் ஆர்கன் வாசித்தவர். பெரியப்பா வில்லெம் பியானோ கலைஞர். அண்ணன் யூரியான், அக்கா சிசிலியா இருவரும் இசையமைப்பாளர்கள். சித்தப்பா மாரி ஆந்திரீசன் சிற்பி. 1941 பிப்ரவரியில் யூதர்களைப் பிடித்துப் போனதை எதிர்த்து ஆம்ஸ்டர்டாம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்களே, அதன் நினைவாக நிற்கும் துறைமுகத் தொழிலாளி சிலையைச் செய்தவர் அவர்தான். அப்பாவும் ஜெர்மானிய ஆக்கிரமிப்பு அரசின் கலைஞர் சங்கத்தில் சேர மறுத்தவர். 1942-ல் சில மாதங்கள் பிணைக்கைதியாக முகாமில் இருந்துவிட்டு வந்தார்.

இந்தக் குடும்பப் பின்னணியைக் கொஞ்சம் விரித்துச் சொல்லக் காரணம் உண்டு. பிற்காலத்தில் ஆந்திரீசனைப் பலர் வெறும் கலகக்காரராகவே பார்த்தார்கள். கலைஞன் அதிகாரத்துக்குத் தலையாட்ட வேண்டியதில்லை என்பது அவர் வீட்டிலேயே இருந்த பாடம். இன்னொன்றும் அங்கிருந்தே வந்தது. அப்பாவின் காது பிரெஞ்சு இசைப் பக்கம் சாய்ந்தது. வாக்னர் வழியில் உணர்ச்சி பொங்கி வழியும் ஜெர்மானிய இசை அந்த வீட்டில் பெரிதாக எடுபடவில்லை. தெளிவு, அளவு, அடக்கம் ஆகியவைதான் அங்கே மதிப்பு. அமெரிக்கா போய்த் திரும்பிய அண்ணன் யூரியான் வழியாக ஜாஸ் வந்தது, டிரம்பெட், டிராம்போன் போன்ற பித்தளை ஊதுவாத்தியங்கள் கொண்ட பெரிய குழுக்களின் முழக்கமும் வந்தது. பிற்காலத்து ஆந்திரீசனின் பாதிச் சரக்கு இருபது வயதுக்கு முன்பே வீட்டிலேயே சேர்ந்துவிட்டது.

தி ஹேக் நகரின் அரச இசைக்கல்லூரியில் கேஸ் ஃபான் பாரனிடம் படித்தார். அவர் நெதர்லாந்தில் பன்னிரண்டு சுர முறையைக் கற்பித்த முக்கிய ஆசிரியர். பிறகு மிலானிலும் பெர்லினிலும் இத்தாலிய இசையமைப்பாளர் லூச்சானோ பேரியோவிடம் பயிற்சி. 1958-ல், பத்தொன்பது வயதில் எழுதிய 'செரீ' என்ற இரண்டு பியானோக்களுக்கான படைப்பு, அந்த நாட்டில் சீரியல் முறையில், அதாவது சுரங்களின் வரிசையை முன்கூட்டியே வகுத்துக்கொண்டு எழுதும் முறையில், வந்த முதல் சில படைப்புகளில் ஒன்று. அப்போதைய ஐரோப்பிய நவீன இசையின் நேர்வழியில்தான் போய்க்கொண்டிருந்தார்.

1969

அறுபதுகளின் ஆம்ஸ்டர்டாம் கொதித்துக்கொண்டிருந்த ஊர். அதிகாரத்தைச் சீண்டிய புரோவோ இயக்க இளைஞர்களின் தெருக் கலகங்கள், வியட்நாம் போர் எதிர்ப்பு, பல்கலைக்கழகக் கட்டிட முற்றுகை என எதுவும் விட்டுவைக்கப்படவில்லை. 1969 அக்டோபரில் நாடக மேடையில் தக்காளி வீசி, பழைய பாணி நாடகக் குழுக்களை இளைஞர்கள் உலுக்கினார்கள். இசை மட்டும் அமைதியாக இருக்குமா?

ஐந்து இளம் இசையமைப்பாளர்கள் ஒன்றாகத் திரிந்தார்கள். ஆந்திரீசன், ரைன்பெர்ட் டி லேயூ, மிஷா மெங்கெல்பெர்க், பீட்டர் ஸ்காட், யான் ஃபான் ஃப்ளைமன். ஐவருமே ஃபான் பாரனின் மாணவர்கள். நாட்டின் பெருமையான, ஆம்ஸ்டர்டாமின் கான்சர்ட்கெபாவ் ஆர்கெஸ்ட்ரா மீது இவர்களுக்கு ஒரு குறை இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறது, உயிரோடு இருக்கும் இசையமைப்பாளர்களைக் கண்டுகொள்வதில்லை என்பதே அது. 1966-லேயே ஒரு கோரிக்கை வைத்தார்கள். ஆர்கெஸ்ட்ராவின் முன் நின்று வாசிப்பை நடத்தும் தலைமை நடத்துநர் (கண்டக்டர்) பெர்னார்ட் ஹைட்டிங்கோடு, புதிய இசைக்கென்று இத்தாலியரான புரூனோ மதெர்னாவையும் நியமிக்க வேண்டும் என்று கேட்டார்கள். அது நடக்கவில்லை.

1969 ஜூனில் ஐவரும் சேர்ந்து 'ரெகன்ஸ்ட்ருக்ட்ஸி' என்ற ஓபரா போட்டார்கள். எழுத்து ஹியூகோ கிளாவ்ஸும் ஹாரி முலிஷும். கரே அரங்கில், ஹாலந்து கலை விழாவில், சே குவேராவை நாயகனாகவும் அமெரிக்க ஏகாதிபத்தியத்தைப் பழங்கதையில் வரும் பெண்பித்தன் டான் ஹுவானாகவும் வைத்து ஓர் அரசியல் நாடகம். மேடையிலேயே சேவுக்குப் பெரிய சிலை எழும்பியது. அரசுப் பணத்தில் நட்பு நாட்டைத் திட்டுவதா என்று பெரிய சர்ச்சை. ஆனால் கூட்டம் வந்தது.

நவம்பர் 17. கான்சர்ட்கெபாவ் அரங்கில் ஹைட்டிங்க் கச்சேரியைத் தொடங்குகிறார். பார்வையாளர் வரிசைகளிலிருந்து கொட்டை உடைக்கும் இடுக்கிகள், தகரத் தவளைப் பொம்மைகள், ஊதிகள் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்புகின்றன. துண்டுப் பிரசுரங்கள் பறக்கின்றன. ஆர்கெஸ்ட்ராவின் நிகழ்ச்சிக் கொள்கை பற்றி இங்கேயே, இப்போதே பொது விவாதம் வேண்டும் என்பது கோரிக்கை. விவாதம் நடக்கவில்லை. கோபம் கொண்ட ரசிகர்களும் ஊழியர்களும் சேர்ந்து அவர்களை வெளியே தள்ளினார்கள். டச்சு இசை வரலாற்றில் இது நோட்டன்கிராக்கர் (கொட்டை உடைப்பான்) போராட்டம் என்ற பெயரில் நிலைத்துவிட்டது.

இதை இன்று எப்படிப் பார்ப்பது? மேடையில் இருந்த கலைஞர்களும் உழைப்பாளிகள்தான். பணம் கொடுத்து வந்தவர்களின் மாலையைக் கெடுத்தது நியாயம் என்று என்னால் சொல்ல முடியாது. போராட்டத்தின் உடனடிப் பலனும் பூஜ்யம்தான். ஆனாலும் அவர்கள் கேட்டது சின்ன விஷயமில்லை. பொதுப்பணத்தில் நடக்கும் ஓர் இசை நிறுவனம் என்ன வாசிக்க வேண்டும் என்பதை யார் தீர்மானிப்பது? அதற்கு அன்று யாரிடமும் பதில் இல்லை.

ஐவரில் ஒவ்வொருவரும் அதற்குப் பிறகு ஒவ்வொரு வழியில் போனார்கள். மெங்கெல்பெர்க் மனோதர்ம ஜாஸ் பக்கம் முழுமையாகச் சாய்ந்தார். டி லேயூ 1974-ல் ஷோன்பெர்க் என்சாம்பிள் என்ற குழுவைத் தொடங்கி நடத்துநர் ஆனார். அந்தப் போராட்டத்துக்குத் துணை நின்ற இன்னொருவர் ரெக்கார்டர் குழல் கலைஞர் ஃபிரான்ஸ் புருக்கன். கான்சர்ட்கெபாவ் ஆர்கெஸ்ட்ரா வாசிக்கும் மோட்சார்ட்டின் ஒவ்வொரு சுரமும் பொய் என்று வெளிப்படையாகச் சொன்னவர். அவர் 1981-ல் பழைய காலத்து வாத்தியங்களை வைத்துப் பதினெட்டாம் நூற்றாண்டு ஆர்கெஸ்ட்ராவைத் தொடங்கினார். ஒருபக்கம் புத்தம்புதிய இசை, மறுபக்கம் பழைய இசையைப் பழைய முறையிலேயே வாசிப்பது. பார்க்க எதிரெதிர்த் திசைகள். கிளம்பிய இடம் ஒன்றுதான்: பெரிய ஆர்கெஸ்ட்ரா ஒன்றே எல்லா இசைக்கும் போதும் என்ற நினைப்பின் மீதான சலிப்பு.

தெருவில் வாசிக்க ஒரு குழு

ஆந்திரீசன் போன வழிதான் நமக்கு முக்கியம். 1970-ல், பீத்தோவன் பிறந்து இருநூறு ஆண்டு ஆனதை ஊரெல்லாம் கொண்டாடிய நேரத்தில், பீத்தோவனின் ஒன்பது சிம்பொனிகளையும் வெட்டி ஒட்டி, ஆர்கெஸ்ட்ராவுக்கும் ஐஸ்கிரீம் வண்டி மணிக்கும் ஒரு படைப்பு எழுதினார். அதோடு வழக்கமான ஆர்கெஸ்ட்ராவிடமிருந்து விலகினார்.

1972-ல் 'டி ஃபோல்ஹார்டிங்' வந்தது. விடாமுயற்சி என்று பொருள். முதலில் அது ஒரு படைப்பின் பெயர், அப்புறம் அதை வாசித்த குழுவுக்கே பெயராகிவிட்டது. சாக்ஸஃபோன், டிரம்பெட், டிராம்போன் மும்மூன்று, கூட ஒரு பியானோ. பியானோவில் ஆந்திரீசனே உட்கார்ந்தார். வில்லெம் பிரேக்கர் போன்ற ஜாஸ் ஆட்கள் ஒருபக்கம், இசைக்கல்லூரியில் படித்தவர்கள் மறுபக்கம். நடத்துநர் கிடையாது. எதை வாசிப்பது, எங்கே வாசிப்பது என்பதைக் குழுவாகப் பேசி முடிவெடுத்தார்கள். அரசியல் கூட்டங்கள், ஊர்வலங்கள், தெரு, சின்னச் சின்ன அரங்குகள் என்று போனார்கள்.

வயலின் ஏன் இல்லை என்று கேட்கலாம். வெட்டவெளியில் வயலின் எடுபடாது, பித்தளை எடுபடும். இது நடைமுறைக் காரணம். ஆனால் அதற்குள்ளேயே அழகியலும் ஒளிந்திருந்தது. ஒரே ராகவரியைப் பதினாறு வயலின்கள் சேர்ந்து நடுங்கும் ஒலியோடு இழைப்பதுதான் ஆர்கெஸ்ட்ராவின் அடையாளம். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது தனித்தனி மனிதர்களின் மூச்சு. ஒருவர் தவறினால் மற்றவருக்குப் பின்னால் ஒளிய இடமில்லை. ஆந்திரீசனின் இசையில் நாம் கேட்கும் அந்தக் கூர்மையான, பளபளவென்ற, சற்றே முரட்டு ஒலி, குழுவின் அமைப்பிலிருந்தே பிறந்தது.

அமெரிக்காவின் டெர்ரி ரைலி, ஸ்டீவ் ரைஷ் ஆகியோரின் மினிமலிசத்தை அவர் இந்தக் காலத்தில்தான் உள்வாங்கினார். சின்னச் சுரக்கோவையைத் திரும்பத் திரும்ப வாசித்து மெல்ல மாற்றிக்கொண்டே போகும் முறை அது. ஆனால் அமெரிக்கர்களிடம் அது இதமாக, மிதப்பது போல ஒலிக்கும். ஆந்திரீசனிடம் வந்ததும் உரக்க, உரசலோடு, எதிரில் நின்று வாதாடுவது போல மாறிவிட்டது.

1975-ல் இந்தக் குழுவுக்காக எழுதிய 'வொர்க்கர்ஸ் யூனியன்' இந்தச் சிந்தனையின் சாறு. எந்த வாத்தியமாக இருந்தாலும் சரி, சத்தமாக ஒலிக்கும் ஒரு குழுவுக்கு என்று எழுதப்பட்டது. தாளம் துல்லியமாகக் குறிக்கப்பட்டிருக்கும். சுரம் மட்டும் அப்படியில்லை. மேற்கத்திய இசைக்குறிப்பில் வழக்கமான ஐந்து கோட்டுக்குப் பதில் ஒரே ஒரு கோடுதான் இருக்கும். அதற்கு மேலே போனால் உச்சம், கீழே போனால் மந்தரம், எந்தச் சுரம் என்பது வாசிப்பவர் பாடு. எல்லோரும் ஒரே தாளத்தில் பிசகாமல் போக வேண்டும், ஆனால் ஒவ்வொருவரும் தன் சுரத்தைத் தானே தேர்ந்துகொள்ளலாம். கூட்டாக அடி பிசகாமல் வாசிப்பது கஷ்டம், அரசியல் வேலையை ஒழுங்குபடுத்திக் கொண்டுபோவதும் அப்படித்தான் என்ற பொருளில் அவரே முன்குறிப்பு எழுதியிருக்கிறார். இன்று உலகம் முழுக்க இசைக்கல்லூரி மாணவர்கள் தங்கள் கையில் இருக்கும் வாத்தியங்களோடு இதை வாசிக்கிறார்கள். ஓர் இசையமைப்பாளரின் அரசியல், அறிக்கையாக இல்லாமல் வாசிக்கும் முறையாகவே மாறிய இடம் என்று இதைத்தான் சொல்வேன்.

பிளேட்டோவோடு ஒரு வாக்குவாதம்

1972 முதல் 1976 வரை நான்கு ஆண்டுகள் எடுத்துக்கொண்டு எழுதியது 'டி ஸ்டாட்'. 1976 நவம்பரில் ஆம்ஸ்டர்டாமில் நெதர்லாந்து காற்றிசைக் குழு, லூகாஸ் விஸ் நடத்த, முதலில் வாசித்தது. சுமார் 35 நிமிடம். நான்கு பெண் குரல்கள் பண்டைய கிரேக்க மொழியில் பாடுகின்றன. பாடுவது பிளேட்டோவின் 'குடியரசு' நூலில் இசையைப் பற்றி வரும் பகுதிகளை.

பிளேட்டோ அங்கே என்ன சொல்கிறார்? லட்சிய நாட்டில் சில இசை முறைகளுக்கு இடமில்லை. அழுகைக்கும் சோம்பலுக்கும் தூண்டும் முறைகளைத் தடை செய்ய வேண்டும். பல தந்திகள் கொண்ட வாத்தியங்களைச் செய்பவர்கள் நாட்டுக்குள் வரக்கூடாது. இசையில் புதுமை புகுந்தால் நாட்டின் சட்டங்களே ஆட்டம் காணும்.

ஆந்திரீசன் இதை எடுத்துக்கொண்ட விதம் அழகு. தடை செய்யச் சொல்வது அபத்தம், அதில் அவருக்குச் சந்தேகமில்லை. ஆனால் இசை மாறினால் நாடு மாறிவிடும் என்று பிளேட்டோ பயந்தாரே, அந்தப் பயமாவது உண்மையாக இருந்திருக்கக்கூடாதா என்று ஏங்கினார். தன் குறிப்பில் இதை வெளிப்படையாகவே எழுதினார். சுரம், கால அளவு போன்ற மூலப்பொருள்களுக்கு அரசியல் கிடையாது, தனியாக ஒரு சுரக்கூட்டைக் காட்டி இது பாசிச சுரக்கூட்டு என்று யாரும் சொல்ல முடியாது என்றார். ஆனால் அந்தப் பொருளை ஒருவர் ஒழுங்குபடுத்தத் தொடங்கியதும் அது பண்பாடு ஆகிவிடுகிறது, சமூகத்துக்குள் வந்துவிடுகிறது என்பது அவர் வாதம். சுரத்தில் அரசியல் இல்லை, சுரத்தை யார் எப்படி யாரை வைத்து ஒலிக்கச் செய்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது. 1969 முதல் அவர் தேடியதற்கு இங்கேதான் தெளிவான வடிவம் கிடைத்தது.

இனி ஒலிக்கு வருவோம். கிரேக்க இசையின் அடிப்படை அலகு நான்கு சுரங்கள் கொண்ட கோவை. அதிலிருந்தே எல்லாவற்றையும் நான்கு நான்காக அடுக்கினார். நான்கு ஓபோ, நான்கு ஹார்ன், நான்கு டிரம்பெட், நான்கு டிராம்போன், நான்கு வியோலா, நான்கு குரல். கூடவே இரண்டு ஹார்ப், இரண்டு பியானோ, இரண்டு எலெக்ட்ரிக் கிதார், ஒரு பேஸ் கிதார். வயலினும் இல்லை, செல்லோவும் இல்லை, தாள வாத்தியமும் இல்லை. முரசு ஒன்றுகூட இல்லாமல் இவ்வளவு முரசடிக்கும் இசையை எழுத முடியும் என்பது முதல் தடவை கேட்கும்போது நம்ப முடியாத விஷயம்.

தொடக்கத்தில் ஓபோக்கள் மட்டும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு பின்னுகின்றன. அப்புறம் பித்தளை திடீரென்று சுவர் போல எழுகிறது. மேடையில் குழு இடது, வலது என்று இரண்டு சம பாதிகளாகப் பிரிந்து உட்கார்ந்திருக்கும். கடைசிப் பகுதியில் ஒரு பாதி வாசிப்பதை இன்னொரு பாதி மிக நெருக்கமான இடைவெளியில் பின்தொடர்கிறது. எண்ணம் ஒன்று, குழு இரண்டு. ஒற்றுமையாகவும் கேட்கலாம், சண்டையாகவும் கேட்கலாம். நான் அதைச் சண்டையாகத்தான் கேட்கிறேன்.

1977-ல் இதற்கு மத்தேயஸ் ஃபெர்மேலன் பரிசு கிடைத்தது. நெதர்லாந்துக்கு வெளியே ஆந்திரீசனின் பெயர் பரவியதும் இந்தப் படைப்பால்தான்.

அதே காலத்தில் தி ஹேக் கல்லூரியில் மாணவர்களோடு நடத்திய மினிமலிசத் திட்டத்திலிருந்து 'ஹோக்கெட்டஸ்' பிறந்தது. ஐரோப்பிய இடைக்காலத்தில் ஒரு பாட்டுவரியை இரண்டு பேர் சுரம் சுரமாக மாறி மாறிப் பாடும் உத்தி ஒன்று இருந்தது. ஒரே உரலில் இரண்டு பேர் மாற்றி மாற்றி உலக்கை போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஒருவர் ஓங்கும்போது இன்னொருவர் இறக்க வேண்டும், கொஞ்சம் பிந்தினாலும் உலக்கைகள் மோதும். ஒரே மாதிரியான இரண்டு அணிகள், குழல்வரிசை, பியானோ, எலெக்ட்ரிக் பியானோ, பேஸ் கிதார், காங்கா முரசு ஆகியவற்றோடு எதிரெதிரே அமர்ந்து இப்படி வாசிக்கின்றன. இரண்டு அணியும் ஒருபோதும் ஒன்றாக ஒலிப்பதில்லை. இந்தப் படைப்பை வாசித்த மாணவர்களே அதே பெயரில் ஒரு குழுவாகி 1987 வரை இயங்கினார்கள்.

கட்டடக்கலை போல ஓர் இசை நாடகம்

எண்பதுகளில் கோஷம் குறைந்தது, சிந்தனை விரிந்தது. கிறிஸ்தவ ஞானி அகஸ்டினின் வரிகளை வைத்துக் காலத்தைப் பற்றி 'டி டைட்', பிறகு வேகத்தைப் பற்றி 'டி ஸ்னெல்ஹைட்' என்று ஒரு வரிசை. இரண்டாவது, சான்ஃபிரான்சிஸ்கோ சிம்பொனி கேட்டு எழுதியது. அதோடு மறுபடியும் ஆர்கெஸ்ட்ரா பக்கம் நெடுங்காலம் போகவில்லை.

இந்தக் காலத்தின் சிகரம் 'டி மட்டேரி'. 1984 முதல் 1988 வரை எழுதி, 1989 ஜூனில் ஆம்ஸ்டர்டாமில் ராபர்ட் வில்சன் இயக்கத்தில் மேடையேறியது. ஓபரா என்று சொல்கிறோம், ஆனால் கதை கிடையாது. பொருளுக்கும் ஆன்மாவுக்கும் உள்ள உறவைப் பற்றி நான்கு தனித்தனிப் பகுதிகள். முதல் பகுதி ஒரே சுரக்கூட்டை 144 தடவை சம்மட்டி போல அடித்துத் தொடங்குகிறது. ஸ்பெயின் மன்னரை இனி ஏற்க மாட்டோம் என்று டச்சு மாகாணங்கள் 1581-ல் அறிவித்த சாசனத்தைப் பாடகர்கள் பாடுகிறார்கள். கப்பல் கட்டும் முறையும் பாட்டாகிறது, இரும்புப் பெட்டிகள் மீது நிஜமாகவே சுத்தியல் விழுகிறது. இரண்டாம் பகுதி அப்படியே நேரெதிர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் ஞானக் கவி ஹாதவிக் கண்ட தரிசனத்தை ஒரு பெண் குரல் மெல்ல மெல்லப் பாடிக்கொண்டு போகிறது. அந்தப் பகுதியின் கால அளவுகளை ரான்ஸ் பேராலயத்தின் தரைப்பட விகிதத்திலிருந்து எடுத்தார். மூன்றாவதில் ஓவியர் மோந்திரியான். அவருடைய சிவப்பு, மஞ்சள், நீல ஓவியத்தின் விகிதங்கள் மீது, மோந்திரியானுக்கு உயிரான பூகி-வூகி நடனத் தாளம். நான்காவதில் கணவனை விபத்தில் இழந்த மேரி கியூரியின் நாட்குறிப்பும் நோபல் உரையும்.

ஆண்டவனை நினைத்துப் பாடும் இசையையும் தொழிற்கூடத்தின் இரைச்சலையும் ஒரே தராசில் வைத்த துணிச்சல் எனக்கு இவரிடம் மிகவும் பிடித்தது. உட்ரெக்ட் பேராலயத்தில் அப்பாவின் ஆர்கனைக் கேட்டு வளர்ந்த பிள்ளையிடமிருந்துதான் அந்த இரண்டாம் பகுதி வந்திருக்க முடியும்.

தொண்ணூறுகளில் திரைப்பட இயக்குநர் பீட்டர் கிரீனவேயோடு இரண்டு ஓபராக்கள் செய்தார்: 1994-ல் 'ரோசா', 1999-ல் 'ரைட்டிங் டு ஃபெர்மேர்'. இரண்டாவதில் ஓவியர் ஃபெர்மேர் மேடைக்கே வருவதில்லை, வீட்டுப் பெண்கள் அவருக்கு எழுதும் கடிதங்கள்தான் நாடகம். 2008-ல் இத்தாலியக் கவிஞர் தாந்தேயை வைத்து, ஹால் ஹார்ட்லியின் படக்காட்சிகளோடு 'லா கொம்மேதியா'. அதற்கு 2011-ல் இசையமைப்புக்கான அமெரிக்காவின் கிராமேயர் விருது கிடைத்தது.

பணம் எங்கிருந்து வந்தது

இந்த ஆய்வில் தவிர்க்கவே முடியாத கேள்வி இது. ஆர்கெஸ்ட்ராவுக்கு வெளியே உருவான இந்தக் குழுக்கள் டிக்கெட் பணத்தில் ஓடவில்லை. அரசு மானியத்தில் ஓடின. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் நெதர்லாந்து அரசு சிறு குழுக்களுக்குத் தாராளமாகக் கொடுத்தது. அதனால்தான் அந்தச் சின்ன நாட்டில் புதிய இசைக்கென்றே இத்தனை குழுக்களும், 'ஐஸ்பிரேக்கர்' போன்ற தனி அரங்குகளும் வளர்ந்தன. வெளிநாட்டு இளைஞர்கள் படிக்க வந்து குவிந்தார்கள். 1969-ல் விரட்டப்பட்டவர்கள் பத்து ஆண்டுகளுக்குள் ஓர் இணை உலகத்தையே கட்டிவிட்டார்கள் என்றால், அவர்களுடைய உழைப்போடு அந்த நல்வாழ்வு அரசின் பணமும் அதற்குக் காரணம்.

அதன் மறுபக்கமும் வந்தது. டி ஃபோல்ஹார்டிங் குழு மானியம் நின்றதும் 2009-ல் கலைந்தது. 2011-ல் அரசு கலைக்கான ஒதுக்கீட்டில் 20 கோடி யூரோவை வெட்ட முடிவெடுத்தது, 2013 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அடி விழுந்தது சிறு குழுக்கள் மீதுதான் அதிகம். பெரிய ஆர்கெஸ்ட்ரா தாக்குப்பிடித்தது. நகரின் பெருமை, பெரிய புரவலர்கள், நூறாண்டுப் பழக்கம் எல்லாம் அதற்குத் துணை. ஆந்திரீசன் எதிர்த்த அந்தப் பழமைதான் நெருக்கடியில் அதைக் காப்பாற்றியது. அவர் கட்டிய குழுக்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

இன்னொரு தோல்வியையும் சொல்ல வேண்டும். தொழிலாளர்களுக்கான இசை என்று கிளம்பியது, கடைசியில் மாணவர்களுக்கும் கலைஞர்களுக்கும் படித்த நடுத்தர வர்க்கத்துக்கும்தான் போய்ச் சேர்ந்தது. 'வொர்க்கர்ஸ் யூனியன்' தொழிற்சங்கங்களின் பாட்டாகவில்லை. கேட்பவர்களை மாற்ற ஆந்திரீசனால் முடியவில்லை, வாசிப்பவர்களை மாற்ற முடிந்தது. சோதனையின் விளைவை நான் இப்படித்தான் படிக்கிறேன். வாசிப்பவர்களை மாற்றியதும் சாமானியமான காரியமில்லை. செவ்வியல் பயிற்சி பெற்ற டிராம்போன் கலைஞரும் ஜாஸ் சாக்ஸஃபோன் கலைஞரும் பேஸ் கிதார் வாசிப்பவரும் ஒரே மேடையில் ஒரே காகிதத்தைப் பார்த்து வாசிப்பது இன்று புதிய இசைக் குழுக்களில் சகஜம். அதைச் சகஜமாக்கியவர்களில் ஆந்திரீசனுக்கு முதல் வரிசையில் இடம்.

மறுபடியும் அதே அரங்கம்

2013 நவம்பரில், 125 ஆண்டு நிறைவைக் கொண்டாடிய கான்சர்ட்கெபாவ் ஆர்கெஸ்ட்ரா, ஆந்திரீசனிடம் கேட்டு வாங்கிய 'மிஸ்டீரியன்' என்ற படைப்பை மாரிஸ் யான்சன்ஸ் நடத்த வாசித்தது. இடுக்கிகளோடு உள்ளே போய் வெளியே தள்ளப்பட்ட அதே அரங்கம், 44 ஆண்டுகள் கழித்து. இதைச் சரணடைதல் என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1969-ல் அவர்கள் கேட்டது உயிரோடு இருப்பவர்களின் இசையை வாசியுங்கள் என்பதுதானே? ஆர்கெஸ்ட்ராவும் இந்த இடைவெளியில் மாறியிருந்தது. அவரும் யாரையும் எதிர்த்து எழுத வேண்டிய நிலையில் இல்லை. அப்புறம் 2018-ல் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்குக்கு 'அகமெம்னான்' எழுதினார். நடத்தியவர் யாப் ஃபான் ஸ்வேடன், இளம் வயதில் கான்சர்ட்கெபாவில் முதல் வயலின் நாற்காலியில் இருந்தவர்.

கடைசிப் படைப்பு 'மே'. ஹெர்மன் கோர்ட்டர் எழுதிய புகழ்பெற்ற டச்சு நெடுங்கவிதையின் வரிகளைக் கொண்டது. 2014-ல் மறைந்த நண்பர் புருக்கனின் நினைவாக, அவர் தொடங்கிய அதே பதினெட்டாம் நூற்றாண்டு ஆர்கெஸ்ட்ராவுக்கும் பாடகர் குழுவுக்கும் எழுதினார். 2020 டிசம்பரில், கொரோனாவால் ரசிகர்கள் இல்லாத அரங்கில் அரங்கேறியது. அதற்குள் மறதி நோய் அவரைப் பிடித்திருந்தது. 2021 ஜூலை 1 அன்று, 82 வயதில், வேஸ்ப் ஊரில் காலமானார். 1969-ல் அந்தக் கச்சேரியை நடத்திக்கொண்டிருந்த ஹைட்டிங்கும் அதே ஆண்டு அக்டோபரில் போய்ச் சேர்ந்தார்.

மாணவர்கள்

எழுபதுகளிலிருந்து தி ஹேக் கல்லூரியில் கற்பித்தார். தன்னைப் போல எழுத வைப்பது அவர் வழியில்லை. பிரிட்டனின் ஸ்டீவ் மார்ட்லண்ட், அமெரிக்காவின் மிஸ்ஸி மட்சோலி, நெதர்லாந்தின் மிஷேல் ஃபான் டெர் ஆ ஆகியோரை அடுத்தடுத்துக் கேட்டால் ஒருவர் சாயல் இன்னொருவரிடம் இருக்காது. மார்ட்லண்ட் தன் பெயரிலேயே ராக் இசைக்குழுவைப் போல ஒரு குழுவை வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார். ஃபான் டெர் ஆ மேடையில் நிஜக் கலைஞரையும் திரையில் அவருடைய நிழலையும் மோதவிடுகிறார். 2013-ல் அவரும் கிராமேயர் விருது வாங்கினார். இவர்கள் ஆசிரியரிடமிருந்து எடுத்துக்கொண்டது ஒரு பழக்கத்தை: எழுத உட்காரும் முன்பே, இதை வாசிக்கப்போவது யார், அவர்கள் எங்கே உட்கார்ந்திருப்பார்கள், ஒலிபெருக்கி வேண்டுமா என்று யோசித்துவிடுவது.

புதிதாகக் கேட்க நினைப்பவர்களுக்கு என் யோசனை: 'வொர்க்கர்ஸ் யூனிய'னில் தொடங்குங்கள், இரண்டு வெவ்வேறு குழுக்கள் வாசித்ததைக் கேளுங்கள். ஒரே தாளமும் வேறு வேறு சுரங்களும் எப்படிச் சேர்கின்றன என்பது காதிலேயே தெரிந்துவிடும். அடுத்து 'டி ஸ்டாட்'. கடைசிப் பத்து நிமிடத்துக்கு ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டால்தான் இடது, வலது பாதிகளின் துரத்தல் பிடிபடும். 'டி மட்டேரி'யின் இரண்டாம் பகுதியான 'ஹாதவிக்'குக்கு அரை மணி நேரம் தனியாக ஒதுக்குங்கள். அதை வேறு வேலை செய்துகொண்டே கேட்க முடியாது.